கோணலாக நிற்கும் சக்கரங்கள்

பந்தயத்துக்குத் தயாராக நிற்கும் ஒரு சின்னக் காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து சக்கரங்களைப் பாருங்கள். எங்கேயோ இடித்துவிட்ட கார் என்றுதான் முதலில் தோன்றும். இரண்டு முன்சக்கரங்களும் நிமிர்ந்து நிற்கவில்லை. மேல்பக்கம் காரை நோக்கி உள்ளே சாய்ந்திருக்கிறது, அடிப்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் இன்னொரு கோணலும் தெரியும். இடது சக்கரம் மயிரிழை அளவு இடப்பக்கமாகவும், வலது சக்கரம் அதே அளவு வலப்பக்கமாகவும் திரும்பியிருக்கிறது. இடிபட்டதால் வந்த கோணல் இல்லை இது. காரின் சொந்தக்காரர் டேப்பும் ஸ்பானருமாகத் தரையில் படுத்துக் கிடந்து, வேண்டுமென்றே இப்படித் திருகி வைத்திருக்கிறார்.

ஏன் என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கார் எங்கே ஓடப்போகிறது என்று பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் என்றொரு நகரம். அங்கே இருந்த விமானப்படைத் தளம் 1966-இல் மூடப்பட்டது. குண்டுவீச்சு விமானங்கள் வரிசையாக நின்ற அந்தப் பரந்த கான்கிரீட் தரைக்கு இப்போது ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் வந்து சேர்கிறார்கள். ‘ஆட்டோகிராஸ்’ பந்தயத்தின் தேசியப் போட்டி அங்கேதான் நடக்கிறது. நடத்துவது, 1944-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்.

ஆட்டோகிராஸில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார், போட்டி கடிகாரத்தோடு மட்டும். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கி, வளைந்து நெளிந்து போகும் ஒரு பாதையைத் தரையில் அமைப்பார்கள். ஒரு சுற்று முடிய பெரும்பாலும் ஒரு நிமிடம்தான் ஆகும். நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். ஒவ்வொரு கூம்பைச் சுற்றியும் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் வரைந்திருக்கும். கூம்பு விழுந்தாலோ கட்டத்தைவிட்டு முழுதாக நகர்ந்தாலோ உங்கள் நேரத்தோடு 2 நொடி கூடிவிடும். நகர்ந்தும் சாயாமல் கட்டத்தின் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் தப்பித்தீர்கள். கூம்புகளைத் திரும்ப நிறுத்தி வைப்பவர்களும் போட்டியாளர்கள்தாம். தன் ஓட்டம் இல்லாத நேரத்தில் ஓடி ஓடிக் கூம்பு பொறுக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. இது எனக்குப் பிடித்த விதியும்கூட. சிறுவர்களுக்கென்று தனியாக கோ-கார்ட் பிரிவும் உண்டு.

இந்தப் பந்தயத்தில் எக்கச்சக்கமாகக் கண்ணில் படுவது ஒரு ஜப்பானியக் கார்; நாம் முதலில் பார்த்த சின்னக் காரும் அதுதான். ஹிரோஷிமாவைச் சேர்ந்த மஸ்டா நிறுவனம் 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் இதற்கு ‘மியாட்டா’ என்று பெயர். இரண்டே இருக்கைகள், கூரையை மடித்துவிடலாம், தொடக்கத்தில் வந்த காரில் இன்ஜின் வெறும் 1.6 லிட்டர், மொத்த எடை ஒரு டன்னைக்கூடத் தொடாது. 2016-இல் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. நேர்ச்சாலையில் இதைவிட வேகமாகப் போகும் கார்கள் எத்தனையோ உண்டு. ஆனால் கூம்புகளுக்கு நடுவே நேர்ச்சாலை ஏது?

இப்போது ஒரு கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடை 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்கள், ஒவ்வொன்றின் மேலும் 250 கிலோ. டயருக்குள் காற்றழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 2 கிலோ; பம்பில் 28 என்று காட்டுமே, அதுதான். 250 கிலோவைத் தாங்க எத்தனை சதுர செ.மீ. தரையில் படிய வேண்டும்? 250-ஐ 2-ஆல் வகுத்தால் 125. நான்கு டயருக்கும் சேர்த்து 500 சதுர செ.மீ. நீங்கள் பள்ளியில் படம் வரையும் ஏ4 தாளின் பரப்பு 620 சதுர செ.மீ.க்கும் கொஞ்சம் அதிகம். ஆக, ஒரு காரை முழுவதுமாகத் தரையோடு பிடித்து வைத்திருக்கும் ரப்பர் ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கிவிடுகிறது! பிரேக் போடுவது, திரும்புவது, பாய்வது எல்லாமே அந்தத் தாளுக்குள்தான் நடக்க வேண்டும். டயரின் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது துல்லியமான கணக்கு அல்ல. ஆனாலும் விஷயம் புரிந்திருக்கும்.

அடுத்து, 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. கார் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அதில் நுழைகிறது. 36 தானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி ஆரத்தால் வகுங்கள்: 100-ஐ 10-ஆல் வகுத்தால் 10. பூமியின் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு? 9.8. அப்படியானால் காரை வளைவுக்குள் இழுத்து வைக்க, அந்த ரப்பர் காரின் எடைக்குச் சமமான விசையைப் பக்கவாட்டில் கொடுத்தாக வேண்டும்.

பேருந்து வளைவில் திரும்பும்போது நாம் ஒருபக்கமாகச் சாய்கிறோம் அல்லவா? காரின் எடையும் அப்படித்தான் வெளிப்பக்கச் சக்கரங்களின்மேல் போய் விழுகிறது. எவ்வளவு விழும் என்பதையும் போட்டுப் பார்த்துவிடலாம். காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 140 செ.மீ. 1,000-ஐ 45-ஆல் பெருக்கி 140-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 320. நேராகப் போகும்போது பக்கத்துக்கு 500 கிலோ இருந்தது, வளைவில் வெளிப்பக்கம் 820 கிலோவாகவும் உள்பக்கம் 180 கிலோவாகவும் மாறிவிட்டது.

‘மொத்தம் அதே 1,000 தானே, என்ன நஷ்டம்?’ என்று உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் கேட்பார். நஷ்டம் இருக்கிறது. ரப்பர் ஒரு விசித்திரமான பொருள். அதன்மேல் எடையை இரட்டிப்பாக்கினால் அதன் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை. கொஞ்சம் குறைவாகத்தான் கூடுகிறது. வெளிச்சக்கரங்களில் ஏறிய 320 கிலோ தரும் லாபத்தைவிட, உள்சக்கரங்களில் இறங்கிய 320 கிலோ தரும் இழப்பு அதிகம். எடை குறைந்த, தாழ்வான, அகலமாகக் கால் பரப்பிய கார் வளைவில் கெட்டிக்காரத்தனமாக ஓடுவதன் ரகசியம் இதில் பாதி. மீதி, அந்த வெளிச்சக்கரம் எப்படி நிற்கிறது என்பதில் இருக்கிறது. பாவம், அந்த 820 கிலோவில் ஏறக்குறைய பாதியைச் சுமப்பது அதுதான். அந்த நேரத்தில் அதன் ரப்பர் முழு அகலத்துக்கும் தரையில் படிந்திருந்தால்தான் உண்டு.

படியுமா? படியாது. வளைவில் காரின் உடல் வெளிப்பக்கம் சில டிகிரி சாய்கிறது. அதோடு சேர்ந்து சக்கரமும் வெளியே சாயப் பார்க்கிறது. போதாக்குறைக்கு டயரே பக்கவாட்டில் நசுங்கி மடங்குகிறது. விளைவு, டயரின் வெளி ஓரம் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருக்க, உள் ஓரம் சும்மா தொட்டுக்கொண்டு வருகிறது. அந்த மியாட்டாவின் டயர் அகலம் 185 மில்லிமீட்டர். அது ஒரு கட்டைபோல வளையாத பொருளாக இருந்து 3 டிகிரி சாய்ந்தால், ஒரு ஓரம் தரையிலிருந்து கிட்டத்தட்ட 1 செ.மீ. தூக்கிவிடும். ரப்பர் வளைந்துகொடுப்பதால் அவ்வளவு தூக்காது. ஆனால் அழுத்தம் ஓரத்துக்குப் போய்விடும்.

இதற்கு மருந்துதான் அந்தக் கோணல். வளைவில் எவ்வளவு வெளியே சாயும் என்று தெரிந்தால், நிற்கும்போதே அவ்வளவையும் உள்ளே சாய்த்து வைத்துவிட வேண்டியதுதான். சக்கரத்தின் இந்தச் சாய்வுக்குக் காம்பர் என்று பெயர். மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ் காம்பர். சாதாரணச் சாலைக் கார்களில் இது ஒரு டிகிரியை ஒட்டியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆட்டோகிராஸ்காரர்கள் முன்சக்கரத்தில் இரண்டரை, மூன்று டிகிரி வரைகூடப் போவார்கள். 58 செ.மீ. உயரமுள்ள டயரில் 3 டிகிரி என்றால், டயரின் உச்சி அடியைவிட 3 செ.மீ. உள்ளே இருக்கும்.

சாய்ந்த சக்கரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. காகித டீ கப் ஒன்றை மேசைமேல் படுக்க வைத்து மெல்லத் தள்ளுங்கள். அது நேராக உருளாது. குறுகிய அடிப்பக்கத்தைச் சுற்றி வட்டம் போடும். சாய்ந்து உருளும் டயரும் இப்படித்தான் தரையில் ஒரு கூம்பின் துண்டாகப் படிந்து, சாய்ந்த பக்கமே போகப் பார்க்கும். நேர்ச்சாலையில் இடச்சக்கரம் வலப்பக்கமும் வலச்சக்கரம் இடப்பக்கமும் தள்ளுவதால் இரண்டு விசையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. வளைவில் அப்படியில்லை. சுமை ஏறிய வெளிச்சக்கரத்தின் கை ஓங்குகிறது. அது தள்ளுவது வளைவின் உள்பக்கம், நமக்கு வேண்டிய திசையில்.

அப்படியானால் 10 டிகிரி சாய்த்துவிடலாமே? கூடாது. கார் நேராகப் போகும்போது பிரேக் போட வேண்டாமா? அப்போது சாய்ந்த சக்கரம் உள் ஓரத்தில் மட்டும் தரையைத் தொடுகிறது. கார் நிற்க அதிகத் தூரம் ஆகும். மியாட்டாவில் இன்ஜின் சுழற்றுவது பின்சக்கரங்களை. வளைவு முடிந்ததும் பாய்ந்து கிளம்புவது அவற்றின் வேலை என்பதால், பின்னால் காம்பரை முன்சக்கரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே வைப்பது வழக்கம்.

சக்கரத்தை எப்படிச் சாய்க்கிறார்கள்? மியாட்டாவின் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன. மேல்கை குட்டை, கீழ்க்கை நெட்டை. இந்த அமைப்பினால் உடல் சாயும்போது சக்கரமும் அதே அளவு சாய்ந்துவிடாமல் ஓரளவு தானாகவே நிமிர்ந்துகொள்கிறது. கீழ்க்கை காரோடு சேரும் இடத்திலுள்ள போல்ட்டின் தலையில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதன் நடுத்துளை நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளியிருக்கும். விளிம்பில் ஸ்கேலில் இருப்பதுபோல கோடுகள். நட்டைத் தளர்த்தி போல்ட்டைத் திருகினால், துளை நடுவில் இல்லாததால் கை முழுவதும் சில மில்லிமீட்டர் வெளியே நகரும். சக்கரத்தின் அடி வெளியே போகும், தலை உள்ளே சாயும். ஒரு கோடு இந்தப் பக்கம், ஒரு கோடு அந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்துத் திருகும் பொறுமை வேண்டும். அதிகம் மாற்றம் செய்யாத கார்களுக்கான பிரிவில், தொழிற்சாலை வைத்துக் கொடுத்த இந்த வசதிக்கு உட்பட்டுத்தான் சாய்க்கலாம். புதுக் கைகளை வாங்கிப் பூட்ட விதி இடம் கொடுக்காது.

முன்சக்கரத்தின் கீழ்க்கையில் அப்படிப்பட்ட போல்ட்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள உங்கள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். ஹேண்டில்பார் சுழலும் தண்டு செங்குத்தாக இல்லாமல் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது அல்லவா? அதுதான் காஸ்டர். ஹேண்டில்பாரை இடப்பக்கம் நன்றாகத் திருப்பிவிட்டு முன்னால் போய்ச் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரமும் திரும்பிய பக்கமே சாய்ந்திருக்கும். காரிலும் இதே கதைதான். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வெளிச்சக்கரம் தானாக இன்னும் கொஞ்சம் உள்ளே சாய்கிறது, அதுவும் தேவையான நேரத்தில் மட்டும். இலவசமாகக் கிடைக்கும் காம்பர்! ஆனால் மியாட்டாவில் அந்த இரண்டு போல்ட்களையும் முழுதாகக் காம்பருக்கே செலவழித்தால் காஸ்டர் குறைந்துபோகிறது. எதற்கு எவ்வளவு என்பதில் ஆட்டோகிராஸ்காரர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. என்னைக் கேட்டால் காம்பர் பக்கம்தான் நிற்பேன்.

சாய்த்தது சரிதானா என்று எப்படித் தெரியும்? டயரிடமே கேட்பார்கள். ஓட்டத்துக்கு முன் டயரின் ஓரத்தில், தரையில் படும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில், சுண்ணக்கட்டியால் கோடு போடுவார்கள். ஓடி முடித்து வந்து பார்த்தால் கோட்டின் ஒரு பகுதி அழிந்திருக்கும். பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் டயர் ரொம்பவே மடங்குகிறது. காற்றைக் கூட்ட வேண்டும், அல்லது இன்னும் சாய்க்க வேண்டும். கோடு அப்படியே இருந்தால் அந்த ஓரம் வேலையே செய்யவில்லை. இன்னொரு வழி, ஊசி முனை வெப்பமானியை ரப்பரில் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பது. உழைத்த இடம் சூடாக இருக்கும். ஒரு நிமிட ஓட்டத்தில் டயர் அவ்வளவாகச் சூடேறாது என்பதால் சுண்ணக்கட்டிதான் நம்பகமான சாட்சி. ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் வெயில் நாளில் கதை வேறு. அப்போது தோட்டத்துச் செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பால் டயருக்குத் தண்ணீர் பீய்ச்சிக் குளிர வைப்பதைப் பார்க்கலாம்.

சக்கரத்தின் எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பலகையைச் சரிவாக வைத்து, கேரம் ஸ்ட்ரைக்கர் ஒன்றையும் வளையல் ஒன்றையும் விளிம்பில் நிறுத்தி ஒரே நேரத்தில் உருட்டிவிடுங்கள். எந்த வளையலைக் கொண்டுவந்தாலும் ஸ்ட்ரைக்கர்தான் ஜெயிக்கும். வளையலின் எடை முழுவதும் விளிம்பில் இருக்கிறது. அது முன்னால் போவதற்கும் சுழல்வதற்கும் தனித்தனியாகச் சக்தி செலவாகிறது. கணக்கில் அது இரண்டு மடங்கு எடையாக நிற்கும். காரில் டயரும் ரிம்மின் வெளிவட்டமும் வளையல் ரகம். பந்தயக்காரர் லேசான அலுமினிய ரிம்முக்குக் காசு செலவழிப்பதன் காரணம் இதுதான். கான்கிரீட் பாளங்கள் சேரும் இடத்தில் சக்கரம் எகிறிக் குதிக்காமல் தரையோடு ஒட்டிப்போகவும் லேசான சக்கரமே நல்லது. பெரிய ரிம் பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் எடை விளிம்புக்குப் போய்விடும்.

இன்னும் ஒரு கோணல் பாக்கி. இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றையொன்று விட்டு விலகிப் பார்க்கின்றன என்றோமே, அதற்கு டோ-அவுட் என்று பெயர். ஒன்றையொன்று பார்த்தால் டோ-இன்.

டயர் பக்கவாட்டு விசை கொடுக்க வேண்டுமானால், கார் போகும் திசைக்கும் டயர் பார்க்கும் திசைக்கும் சின்ன வித்தியாசம் இருக்க வேண்டும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொட்ட நொடியில் அந்த வித்தியாசம் பூஜ்யத்திலிருந்து வளர வேண்டியிருக்கிறது. டோ-அவுட் வைத்த காரில் உள்சக்கரம் ஏற்கனவே வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கார் சட்டென்று மூக்கைத் திருப்புகிறது. ஐந்தாறு கூம்புகளை வரிசையாக இடம், வலம், இடம், வலம் என்று சுற்றிப் போகும்போது இந்தச் சுறுசுறுப்பு கண்கூடாகத் தெரியும். பின்சக்கரங்களில் மட்டும் டோ-அவுட் வைக்கப் பெரும்பாலோர் துணிவதில்லை. பின்பக்கம் வெளியே வழுக்கி, கார் அரைவட்டம் அடித்து வந்த வழியே பார்த்துக்கொண்டு நின்றுவிடும். அங்கே நேராகவோ, ஒரு துளி டோ-இன்னாகவோ வைப்பார்கள்.

அளப்பது எளிது. இரண்டு டயர்களின் வெளிப்பக்கத்திலும் தட்டையான தகடு ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, டயருக்கு முன்னால் ஒரு டேப், பின்னால் ஒரு டேப் இழுத்துப் பிடிக்க வேண்டும். முன் அளவு பின் அளவைவிட 3 மில்லிமீட்டர் அதிகம் என்றால் 3 மில்லிமீட்டர் டோ-அவுட். சக்கரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். 58 செ.மீ. நீளத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் விலகல் என்றால், 1 கிலோமீட்டருக்கு எவ்வளவு? ஏறக்குறைய இரண்டரை மீட்டர். சக்கரம் வெளியே போகப் பார்க்கிறது, கார் நேரே இழுக்கிறது. அந்த இரண்டரை மீட்டரும் ரப்பர் தரையில் பக்கவாட்டாகத் தேய்கிறது. பலர் பந்தயத்துக்கு ஓட்டிவருவது வேலைக்குப் போய்வரும் அதே காரைத்தான். 400 கிலோமீட்டர் தள்ளி வீடு இருந்தால், போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு முன் டயரையும் 1 கிலோமீட்டர் பக்கவாட்டில் இழுத்துத் தேய்த்ததாகக் கணக்கு. பந்தய டயர் மென்மையான ரப்பர், விலையும் அதிகம். டயர் போவது ஒருபுறம் இருக்க, நெடுஞ்சாலையில் கார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்துகொண்டே ஓட்டுநரின் பொறுமையைச் சோதிக்கும்.

அதனால் சிலர் மைதானத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் டோ-அவுட் வைக்கிறார்கள். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடில் மரை இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் சம அளவு திருகினால் போதும். எத்தனை திருகு என்பதை மறக்காமலிருக்க டை ராடின்மேல் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார்கள். கடைசி ஓட்டம் முடிந்ததும் அதே அளவு பின்னால் திருகி, டேப்பில் முன்னும் பின்னும் ஒரே அளவு வருகிறதா என்று சரிபார்த்து, லாக் நட்டை மறுபடி இறுக்கிய பிறகே வண்டியை வீட்டுக்குக் கிளப்புவார்கள். காம்பரை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தப் போல்ட்டைத் தொட்டால் டோவும் சேர்ந்து மாறிவிடும், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.